எதிரிக்கு வக்கீல் வேண்டாம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் பெண்ணும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலம். நேற்றிலிருந்து என்னோடு பேசவும் ஆரம்பித்திருக்கிறாள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அது உங்கள் தொழில் பழக்கம், குறை சொல்லவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை, அதனால் எழுதுகிறேன். வழக்கு முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதை வரிசையாகத்தான் சொல்வேன். தயவுசெய்து கடைசித் தாளை முதலில் புரட்ட வேண்டாம்.

எங்கள் பெண் உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், அதுவும் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள் என்பதால் முதலிலிருந்தே வருகிறேன். நான் மாதாமாதம் போய்ப் பார்க்கும் அந்த ஏழு மாடிக் கட்டிடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆபீஸ் மேனேஜர். ஆபீஸிலிருந்துதான் ஓய்வு, மேனேஜர் வேலையிலிருந்து இல்லை. வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை அடித்து ஒட்டுவார். பால்கனியில் போர்வை காயப்போடக் கூடாது, படிக்கட்டில் நின்று பேசக் கூடாது, கூரியர்காரர் விசிலடித்துக்கொண்டு வரக் கூடாது. அதனால் அந்தக் கட்டிடமே அவரை முதுகுக்குப் பின்னால் 'சர்க்குலர்' என்றுதான் சொல்லும். அந்த லிப்ட்டின் கதவுப் பூட்டில் ஒரு சின்னத் தகடு தேய்ந்து வருகிறது, மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாக நான் பதிவேட்டில் எழுதி வந்தேன், மூன்று மாதமாக அவர் அதற்குக் கீழே 'பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை, கீழ்த்தளத்தில், வாட்ச்மேன், மூன்றாம் மாடி டீச்சரம்மா, அந்த விசில் கூரியர்காரர் மூன்று பேரும் நிற்கும்போது, நான் பொறுமை இழந்துவிட்டேன். "சார், ஒருநாள் நீங்களே உள்ளே மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னாத்தான் உங்களுக்குப் புரியும்!" என்று கத்தினேன். பிறகு மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போய் எண்ணெய் விட்டு, துடைத்து, பத்தரைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு அவர் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். போன் வீட்டில் சார்ஜில் இருந்ததாம். நாலரை மணி வரைக்கும் அவர் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சரம்மா பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மேலே யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கிறாள். வாட்ச்மேன் எனக்குப் போன் அடித்தார். இருபது நிமிடத்தில் அங்கே இருந்தேன். ஏழு மாடியும் படியேறி, மெஷின் ரூமில் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிப்ட்டை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மூச்சு வாங்க இறங்கி வந்து பார்த்தால், கதவு திறந்ததும் அவர் கைக்குட்டை மாதிரி கசங்கி வெளியே வந்து, நன்றி சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் சட்டைக் காலரைப் பிடித்தார். "நீதான்! காலையிலேயே சொன்னே இல்ல! நேரத்தோட சொன்னே இல்ல!" என்றார். நான் லிப்ட்டுக்குள் ஒரு கால்கூட வைக்கவில்லை. அதற்குள் போலீஸ். லிப்ட்டைப் போட்டோ எடுத்தார்கள், என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒருவரைச் சட்டத்துக்கு விரோதமாக அடைத்துவைத்த குற்றம். காகிதம் வந்தது. அதில் என்னை 'எதிரி' என்று போட்டிருந்தது, குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் பாஷையில் அதுதான் பேராம், மாப்பிள்ளை. முப்பத்தோரு வருஷமாக ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டவன், யாருக்கு எதிரி? முதலாம் எதிரி என்று வேறு எழுதியிருந்தார்கள். இரண்டாம் எதிரி யார் என்று தேடினேன், இல்லை. நான் ஒருவனேதான், இருந்தாலும் எண் போட்டிருந்தார்கள்.

நீங்கள் உடனே ரயிலேறி வருகிறேன் என்றீர்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் மனம் வருந்தியதாகப் பெண் சொன்னாள். காரணத்தை இப்போது சொல்கிறேன். முதல் காரணம், நீங்கள் சொத்து வக்கீல்; சொத்தில் மேலே இருந்து கீழே விழுகிற விஷயம் எதுவும் கிடையாது. இரண்டாவது, மாமனாரை மாப்பிள்ளை ஜெயிலிலிருந்து காப்பாற்றினார் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், பிறகு உங்கள் வீட்டில் நான் காபியில் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால் இங்கேயே ஒரு வக்கீலைப் பார்த்தேன். மூன்று போன் வைத்திருப்பவர். என் கதையைக் கேட்டுக்கொண்டே மூன்றிலும் பேசினார். கடைசியில், "குற்றத்தை ஒத்துக்குங்க. அபராதத்தோட முடிஞ்சிடும். ஒத்துக்கிட்டா அரை மணி நேரம், ஒத்துக்கலைன்னா எத்தனை வருஷமோ" என்றார். "நான் செய்யலையே சார்" என்றேன். "செஞ்சீங்களா இல்லையான்னு நான் கேட்கவே இல்லையே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, வழி சொன்னார். ஆனால் குற்றவாளி என்று ஒரு தாள் வந்தால் என் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனாலும் போகட்டும், இன்னும் நாலு வருஷம்தான். அந்தப் பழைய பதிவேடுகளில் எல்லாம் என் கையெழுத்து இருக்கிறது, மாப்பிள்ளை. 'பாதுகாப்பாக உள்ளது' என்று எழுதி அதன் கீழே போட்ட கையெழுத்து. ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் போட்ட கையெழுத்து என்று அதற்குப் பேர் வர விடமாட்டேன். அந்த வக்கீல் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்தபோதே முடிவு பண்ணிவிட்டேன். நானே பேசுவேன்.

முதல் நாள் நீதிமன்றத்தில் நீதிபதி ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர். "உங்களுக்கு வக்கீல் யார்?" என்றார். "நானேதாங்கம்மா." "நீங்க வக்கீலா?" "இல்லைங்கம்மா, லிப்ட் மெக்கானிக்." அவர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். என் மேல் என்ன குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா, நிரூபணமானால் ஒரு வருஷம் வரைக்கும் சிறை என்று தெரியுமா, படித்திருக்கிறேனா, யாராவது என்னை இப்படிச் சொல்லச் சொன்னார்களா, கையில் வசதி இல்லை என்பதற்காகவா, அப்படியென்றால் அரசாங்கமே இலவசமாக வக்கீல் தரும் என்று தெரியுமா. எல்லாவற்றுக்கும் தெரியும் என்றேன். "சரி, ஒரு வாரம் வீட்ல உக்காந்து யோசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். போனேன். மறுவாரமும் அதே கேள்விகள், அதே பதில்கள். பிறகுதான், "நீங்களே உங்களுக்காகப் பேசுறது உங்க உரிமை. அதை நான் தடுக்க முடியாது. ஆனா ஒண்ணு. உங்களுக்குச் சட்டம் தெரியாதுங்கிறதுக்காக விதியை நான் வளைக்க மாட்டேன். வக்கீல் பண்ற தப்புக்கு என்ன விளைவோ, நீங்க பண்ற தப்புக்கும் அதேதான்" என்றார். "அது போதுங்கம்மா" என்றேன். இருந்தாலும் இலவச சட்ட உதவியிலிருந்து ஒரு பெண் வக்கீலை என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்காகப் பேச இல்லை, நான் கேட்டால் மட்டும் பதில் சொல்ல. நம்ம பெண் வயதுதான் இருக்கும். எங்கே கேட்காமல் போய்விடுவேனோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், பாவம்.

அதன் பிறகு வீட்டில் ஒத்திகை. சமையலறை மேசைதான் நீதிமன்றம், உங்கள் அத்தைதான் நீதிபதி. என்னை நானே 'எனது கட்சிக்காரர்' என்று சொல்லிப் பழகினேன். அப்போதுதான் கோபம் வராமல் பேச முடிகிறது என்று கண்டுபிடித்தேன். 'எனது கட்சிக்காரர் அன்று காலை பத்தரைக்குக் கிளம்பிவிட்டார்', 'எனது கட்சிக்காரர் நேர்மையானவர்' என்று நாள் பூராவும் அதே பேச்சு. மூன்றாம் நாள் உங்கள் அத்தை, "உங்க கட்சிக்காரர் குளிச்சிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். ஆனால் அவளைச் சும்மா சொல்லக் கூடாது. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும். அந்த வார்த்தையைச் சொன்னீங்களா, இல்லையா?"

"கோபத்துல வந்தது..."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப கோர்ட்லயும் அதையே சொல்லுங்க. அதை மறைச்சீங்கன்னா மத்த எதையும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்."

அரசு வக்கீல்கூட என்னிடம் பிறகு அவ்வளவு கடுமையாகக் கேட்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிர்த்தரப்புக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் தர வேண்டுமாமே. அந்தப் பெண் வக்கீல்தான் சொன்னாள், அவள் சொல்லித்தான் எழுதிக் கேட்டேன். நாற்பத்திரண்டு தாள் வந்தது. எல்லாம் யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்ற கதை. செயலாளரோ தன் வாக்குமூலத்தில், தான் இரண்டரை மணி நேரமும் அவசர மணியை அடித்துக்கொண்டே இருந்ததாகவும், அது அடிக்கவில்லை என்றும், ஆகவே நான் காலையிலேயே மணியின் வயரை அறுத்துவிட்டேன் என்றும் சொல்லியிருந்தார். மறுநாள் லிப்ட்டைப் பார்க்க வேறு கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக், 'கோளாறு எதுவும் இல்லை, இயக்கப்பட்டது' என்று ஒரே வரி எழுதியிருந்தார். வயரை அறுத்திருந்தால் அது கோளாறு இல்லையா? கோளாறே இல்லையென்றால் எப்படி நின்றது? ஒன்பது நாள் இதையே யோசித்தேன். கடைசித் தாளில் போலீஸ் எடுத்த போட்டோவின் நகல் இருந்தது, மங்கலாக. லிப்ட்டின் உட்பக்கம், பட்டன் பலகை. எந்த வக்கீல் பார்த்தாலும் அது ஒரு பட்டன் பலகை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையை மாட்டியவன் நான். அதில் எத்தனை திருகு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையில் கீழ்வரிசையைக் காணோம். ஒரு வெள்ளைக் கட்டம்தான் இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். பிறகு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். உங்களிடமும் சொல்லவில்லை, உங்கள் அத்தையிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏதோ ஒன்று நழுவிவிடும் போல இருந்தது.

விசாரணை நாள். முதலில் வாட்ச்மேன் சாட்சி. நான் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். என் முறை வந்தது. எழுந்தேன். அன்று மதியம் அவசர மணிச் சத்தம் கேட்டதா என்று கேட்டேன், கேட்கவே இல்லை என்றார். நான் அவருக்குத் தெரிந்து எத்தனை வருஷமாக வருகிறேன் என்று கேட்டேன், பன்னிரண்டு வருஷம் என்றார். அதில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டேன், ஒருத்தரும் இல்லை என்றார். அத்தோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் அந்தப் பெண் வக்கீல் மேசைக்கு அடியில் கையால் உட்காருங்கள் உட்காருங்கள் என்று காட்டினாள். நான் அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப சொல்லுங்க, நான் கோபக்காரனா?" என்று கேட்டுவிட்டேன். வாட்ச்மேன் உண்மையைத் தவிர வேறு தெரியாதவர். "ஆமாங்க, பயங்கரக் கோபக்காரர். ஒருநாள் என் ரேடியோவை ஏழாவது மாடியிலேருந்து கீழே போட்டுடுவேன்னு சொன்னாரு. போடலை. ஆனா போட்டுடுவாருன்னுதான் நான் நெனச்சேன்" என்றார். அரசு வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வாயில் வந்தது, "ஆட்சேபிக்கிறேன்!" நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்து, "உங்க கேள்வியை நீங்களே ஆட்சேபிக்கிறீங்களா?" என்றார். "ஆமாங்கம்மா, கேட்டிருக்கக் கூடாது" என்றேன். "அதைக் கேக்குறதுக்கு முன்னாடி யோசிக்கணும். பதில் பதிவாயிடுச்சு" என்றார். அவர் முதல் நாளே சொன்னதுதான். விதியை வளைக்கவில்லை. பின்வரிசையில் உங்கள் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், அன்றிலிருந்து தீர்ப்பு வரைக்கும் என்னோடு பேச்சே இல்லை. அந்த ஒரு நிமிஷம், மூன்று போன்காரர் சொன்ன அரை மணி நேரம் என் ஞாபகத்துக்கு வந்தது. மறைக்கவில்லை. பெண் வக்கீல் மெதுவாக, "அங்கிள், வேணும்னா மீதியை நான் பார்த்துக்கட்டுமா?" என்றாள். கேட்டதற்கு நன்றிம்மா என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த சாட்சியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி நின்றேன். கூப்பிடுவது என் வேலை இல்லையாம், அதற்கும் ஒரு வார்த்தை வாங்கினேன்.

செயலாளர் வந்தார். கோட்டு, பேனா, கக்கத்தில் ஃபைல். நடந்ததை ஒரு சுற்றறிக்கை போலவே சொன்னார், அ, ஆ, இ என்று. உள்ளே எவ்வளவு இறுக்கமாக இருந்தது, அவருக்கு நெஞ்சு எப்படி அடித்தது, செத்துப்போன மனைவியின் படத்துக்குக் காலையில் விளக்கு போடாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தாராம். அதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நான்தான் செய்தேன் என்று மனசார நம்புகிறார். இத்தனை நாள் ஒரு எதிரியை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, கூண்டில் பார்த்தால் பயந்துபோன ஒரு வயசாளி. கேள்விகளை எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். "சர்க்குலர் சார்," என்று ஆரம்பித்தேன், வாய் தவறி. கோர்ட்டே சிரித்தது. தட்டச்சுக்காரர் அதையே பேர் என்று அடித்துவிட்டார், அதைத் திருத்தவே ஐந்து நிமிடம் ஆனது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, நீதிபதி அம்மாவிடம் அசல் போட்டோவை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சார், பட்டன் பலகைக்குக் கீழ்ப்பக்கம் வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"அது சங்கத்தோட சுற்றறிக்கை. எண் நூற்றிப் பதினாலு."

"அதை யார் ஒட்டினது?"

"நான்தான். வேற யாருக்கும் ஒட்ட அதிகாரம் இல்லை."

"எப்ப ஒட்டினீங்க? தேதி அன்னிக்குத் தேதியா இருக்கு."

"அன்னிக்குத்தான். மதியம், மேலே போறப்ப."

"லிப்ட் ஓடிட்டு இருக்கும்போதா ஒட்டினீங்க?"

"ஓடும்போது எப்படி நேரா ஒட்ட முடியும்? கோணலாயிடும்."

"அப்ப நின்னுட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டுத்தான்."

"யார் நிறுத்தினது, சார்?"

"நான்... ஒரு நிமிஷம்தான். மாடியில நின்னா யாராவது ஏறிடுவாங்க, வேலை கெடும்னு நடுவுல அந்த சிவப்பு பட்டனை அழுத்தினேன். மறுபடி இழுத்தேன். வரலை. நீங்கதான் ஏதோ பண்ணியிருந்தீங்க, அதான் வரலை."

"அது இழுத்தா வராது, சார். வலப்பக்கம் திருகணும். அப்படித்தான் பக்கத்துல தகட்டுல எழுதியிருக்கு."

"எந்தத் தகடு?"

"உங்க சுற்றறிக்கைக்கு அடியில இருக்கிற தகடு, சார். அந்தத் தகட்டுக்குக் கீழேதான் அவசர மணி பட்டனும் இருக்கு. நீங்க ரெண்டரை மணி நேரம் எதை அழுத்தினீங்க?"

"மேலே... பச்சையா ஒண்ணு."

"அழுத்தும்போதெல்லாம் என்ன ஆச்சு?"

அவர் சின்னக் குரலில், "காத்து வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு" என்றார். அது ஃபேன் பட்டன், மாப்பிள்ளை.

நீதிபதி அம்மா அந்தச் சுற்றறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார். எழுத்தர் கூண்டருகே போய், அவர் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தே குரலை உயர்த்திப் படித்தார்: "லிப்ட்டுக்குள் எவரும் எவ்விதமான நோட்டீஸும் ஒட்டுவது இன்று முதல் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது." பிறகு கொஞ்ச நேரம் நீதிபதி அம்மா எதையோ கீழே தேடிக்கொண்டிருந்தார். தலை நிமிரும்போது முகம் சரியாகிவிட்டது. ஆனால் கண் ஈரமாக இருந்தது. அரசு வக்கீல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கூண்டில் அந்தப் போட்டோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற விதம் அப்படி.

கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். கட்சிக்காரர் என்றெல்லாம் வரவில்லை. "அம்மா, அந்த வார்த்தையை நான் சொன்னேன். மூணு பேர் முன்னாடி சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு, அதுக்கு இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஆனா ஒரு ஆளை உள்ளே வெச்சு லிப்ட்டை நிறுத்துறவன் நான் இல்லை. முப்பத்தோரு வருஷமா, கதவு மூடினப்புறம் அதுக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் என் பொறுப்புன்னு நெனச்சுத்தான் வீட்டுக்குப் போறேன். அதை என் வாயாலயே சொல்லணும்னுதான் வக்கீல் வேண்டாம்னேன். வேற ஒருத்தர் சொன்னா அது வாதம்னு ஆயிடும்" என்றேன். இன்னும் பத்து நிமிடம் பேச வைத்திருந்தேன். அந்தப் பெண் வக்கீல் மறுபடி மேசைக்கு அடியில் கையைக் காட்டினாள். இந்த முறை உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று தீர்ப்பு. முதலாம் எதிரி குற்றவாளி அல்ல. கதவுப் பூட்டின் அந்தத் தேய்ந்த தகட்டைச் சங்கம் உடனே மாற்ற வேண்டும் என்றும் ஒரு வரி. நான் கும்பிட்டேன், வெளியே வந்தேன், ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரேடியோவை ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். "சத்தமா வெச்சிருந்தார்" என்றேன். அத்தனை பேர் போய்வரும் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். நான் அழுதேன் என்று அவள் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே, மாப்பிள்ளை, ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லி முடிக்கிறேன். மனுஷனுக்கு வாய் இருக்கிறது, தன் வேலை தனக்குத் தெரிகிறது, உண்மை பக்கத்தில் நிற்கிறது என்றால் அவனுக்கு வக்கீல் எதற்கு? உங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சொத்துக்கு வேண்டும். ஆனால் தன் மானத்துக்கு அவனவன்தான் பேச வேண்டும். இந்த உரிமையை யாரும் யாரிடமிருந்தும் எடுத்துவிடக் கூடாது, எவ்வளவு உளறினாலும் சரி. இதில் எனக்குக் கடைசி வரைக்கும் மாற்றுக் கருத்து வராது.

பெண்ணுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் எடுக்கிற வழக்கெல்லாம் உங்கள் பக்கமே திரும்பட்டும், நீங்கள் ஏறுகிற லிப்ட் எல்லாம் கேட்ட மாடியில் போய் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்,
லிப்ட் மெக்கானிக் (லைசென்ஸ் உண்டு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் வாசலில் மணி அடித்தது. பார்த்தால் நம்ம சர்க்குலர். கையில் ஒரு நோட்டீஸ், அவர் அடித்தது இல்லை, அவருக்கு வந்தது. அவசர மணியை மறைத்ததற்கும், தேய்ந்த பூட்டுத் தகட்டை மூன்று மாதம் மாற்றாமல் லிப்ட்டை ஓட்டியதற்கும் லிப்ட் ஆய்வாளர் அலுவலகம் அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறதாம். உட்காரச் சொல்லி உங்கள் அத்தை காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, "உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. நானும் வக்கீல் வெக்கப்போறதில்லை. நானே பேசப்போறேன்" என்றார். நான் ரொம்ப சந்தோஷம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஃபைலைத் திறந்து, "நீங்கதான் முக்கியமான சாட்சி. உங்களைக் குறுக்கு விசாரணை பண்ண நூத்தி எண்பத்தாறு கேள்வி தயார் பண்ணியிருக்கேன். அ பிரிவுல மட்டும் அறுபது. மூணு நாள் ஆகும்னு நினைக்கிறேன்" என்றார். மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இன்று ராத்திரி ரயிலையே பிடித்து வாருங்கள். சொத்து வக்கீலானால் என்ன, எந்த வக்கீலானால் என்ன, எப்படியாவது பேசி அவருடைய வழக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தானே தனக்கு வக்கீலாக இருப்பதைப் போல ஆபத்தான காரியம் உலகத்தில் வேறு கிடையாது, என் மாப்பிள்ளை வரும்வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவரிடம் அடித்துச் சொல்லி வைத்திருக்கிறேன்.